மருந்து பித்தத்தில் போகுமா, சிறுநீரில் போகுமா: கணினியிடம் எப்படிக் கேட்பது?

கோதையாறு (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மருந்தியலில் எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுத்து வேலையையும் தொடங்கிவிட்டேன். இப்போது நடுவழியில் நிற்கிறேன். சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அக்கம்பக்கத்தில் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் கண் மஞ்சளானதோடு உடம்பெல்லாம் அரிப்பு. மலம் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மழை விடாமல் பெய்ததால் அந்த வாரம் வெட்டு இல்லை, வீட்டில்தான் இருந்தார். "இது வேறு என்னவோ" என்று சொல்லி அவர்தான் அன்றைக்கே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற்றினார். ஸ்கேனில் பித்தநாளத்தைக் கல் அடைத்திருப்பது தெரிந்தது. எண்டோஸ்கோப் வழியாகக் கல்லை எடுத்த பிறகும் பித்தம் தடையில்லாமல் வடியட்டும் என்று, மூக்கு வழியாகப் பித்தநாளம் வரைக்கும் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, மறுமுனையைக் கட்டிலோரம் ஒரு பையில் இணைத்திருந்தார்கள்.

நான்கு நாள் அந்தப் பைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் கருந்தேன் நிறம், கலங்கல். மூன்றாம் நாள் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் தெளிந்த பொன்னிறம். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தது. அது நகர்ந்தால்தான் பித்தம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். குமிழி நிற்கும், அம்மா ஆழ்ந்து மூச்சிழுத்தால் ஒரு விரற்கடை நகரும், மறுபடி நிற்கும். காலையில் நர்ஸ் பையை அளவு ஜாடியில் ஊற்றிக் குறித்துக்கொள்வார். ஒரு நாள் 350 மில்லி என்று எழுதியது நினைவிருக்கிறது.

என்னை இந்த ஆய்வுக்குள் தள்ளியது சேர்க்கும்போது நடந்த ஒரு சிறு விஷயம். அம்மா மூன்று ஆண்டாக இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மில்லிகிராம் சாப்பிடுகிறார். மருத்துவர் மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அதை நிறுத்தினார். "இது பித்தத்தில் போகிற மருந்து. பாதை அடைத்திருக்கும்போது கொடுத்தால் உடம்பிலேயே தங்கும்" என்றார். மாதாமாதம் அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தவள் நான். மருந்தியல் படிப்பவளும் நான். எங்கள் பாடத்தில் சிறுநீரகத்துக்குப் பக்கம் பக்கமாக இருக்கும். பித்தத்துக்கு ஒரு பத்தி. அந்த ஒரு பத்தியைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே தலைப்பு இதுதான்: ஒரு மருந்தின் மூலக்கூறு அமைப்பைக் கொடுத்தால், அது எத்தனை விழுக்காடு பித்தம் வழியாக வெளியேறும் என்று கணினி சொல்ல வேண்டும். மருந்துக் குறிப்பேடுகளிலிருந்தும் பழைய ஆய்வுக் கட்டுரைகளிலிருந்தும் 64 மருந்துகளைத் திரட்டினேன். பித்த அளவை நேரடியாகச் சொல்லும் கட்டுரைகள் மிகக் குறைவாக இருந்ததால், பல மருந்துகளுக்கு மலத்தில் வந்த விழுக்காட்டையே பித்த விழுக்காடாக எடுத்துக்கொண்டேன். மனிதத் தரவு கிடைக்காத இடத்தில் எலித் தரவைப் போட்டேன். ஆர்.டி.கிட் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இருநூறு பண்புகளைக் கணக்கிட்டு, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினிக் கற்றல் முறையில் ஒரு கணிப்பு மாதிரியைப் (மாடல்) பயிற்றுவித்தேன். குலுக்கல் முறையில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்துச் சோதித்தபோது மிக நன்றாக வந்தது. மகிழ்ச்சியோடு வழிகாட்டியிடம் காட்டினேன்.

அவர் பட்டியலில் இல்லாத சில மருந்துகளைச் சொல்லி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். செஃபோபெரசோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி மருந்து பெரும்பாலும் சிறுநீரில் போகும் என்றது என் மாதிரி. உண்மை நேர் எதிர். மற்றவற்றிலும் பாதி தவறு. "காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

மருந்து எண்ணிக்கை போதவில்லையா, முறை தவறா, அல்லது இது கணினியால் ஆகாத வேலையா? எங்கள் கல்லூரியில் எலி வைத்துச் செய்ய வசதி இல்லை. என்னிடம் இருப்பது ஒரு மடிக்கணினி. தலைப்பை மாற்ற எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வேளிமலை:

கணினி எனக்குத் தெரியாது. 17 ஆண்டாக அறுவைச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் அம்மாவின் பையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மா இப்போது நலம்தானே?

அந்தப் பையில் விழுவது மொத்தப் பித்தமும் என்று எண்ணிவிடாதீர்கள். குழாயின் பக்கவாட்டில் ஒரு பங்கு குடலுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பையைக் கட்டில் மட்டத்துக்கு மேலே மாட்டிவிட்டால் வடிவது குறையும். நோயாளி ஒருக்களித்துப் படுத்துக் குழாய் மடங்கினால் நின்றேபோகும். காலை ஆறு மணிக்கு அளந்ததையும் எட்டு மணிக்கு அளந்ததையும் 'ஒரு நாள்' என்றே ஏட்டில் எழுதுவோம். நோயாளியைப் பார்த்துக்கொள்ள அது போதும். மருந்து எத்தனை மில்லிகிராம் வெளியேறியது என்று கணக்குப் போட அது போதாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வயிற்றைத் திறந்து கல் எடுப்பதும், பித்தநாளத்தில் 'டி' வடிவக் குழாய் வைத்துப் பல நாள் விட்டிருப்பதும் வழக்கமாகப் பார்த்தது. இப்போது துளை வழியாகச் செய்வதால் அந்தக் குழாயைக் காண்பதே அரிது. நீங்கள் படிக்கும் பழைய கட்டுரைகளில் மனிதப் பித்தத் தரவு எங்கிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படிக் குழாய் வைத்த நோயாளிகளிடமிருந்துதான் எடுத்திருப்பார்கள். அடைபட்டு வீங்கிக் கிடந்த கல்லீரல், இப்போதுதான் மூச்சு விடுகிறது. அது ஆரோக்கியமானவரின் கல்லீரல்போல மருந்தைத் தள்ளுமா?

இன்னொன்று. செஃப்ட்ரையாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி சில நாள் போட்டவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, ஸ்கேனில் பித்தப்பையில் கல் போலவே தெரியும். பெற்றோர் பதறிப்போவார்கள். மருந்து பித்தத்தில் அடர்ந்து, கால்சியத்தோடு சேர்ந்து படிவதால் வருவது அது; ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். மருந்து பித்தத்தில் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தது அந்த ஸ்கேன் படத்தில்தான். உங்கள் பட்டியலில் அது இருக்கிறதா?


பழையாறு:

மக்களே, நேற்று இரவே படித்துவிட்டேன். காலையில் மறுபடி படித்துவிட்டு எழுதுகிறேன். நான் 26 ஆண்டு மருந்து ஆய்வகங்களில், பெரும்பகுதி ஹைதராபாத்தில், உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்று பார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். இப்போது ஓய்வு பெற்றுத் தக்கலைப் பக்கம் இருக்கிறேன். உங்கள் தலைப்பு நல்ல தலைப்பு, மாற்ற வேண்டாம். கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் உங்கள் அட்டவணையில் உள்ள அந்த ஒரு நெடுவரிசை. மலத்தில் வந்ததைப் பித்தத்தில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கட்டடம் சரிந்தது அங்கேதான். விழுங்கிய மாத்திரை மலத்தில் வருவதற்குப் பல வழி உண்டு. குடல் உறிஞ்சாமலே நேராகப் போகலாம். உறிஞ்சப்பட்டு, கல்லீரலுக்குப் போய், பித்தத்தில் இறங்கி வரலாம். குடற்சுவரே இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே தள்ளவும் செய்யும். கொழுப்பைக் குறைக்கக் கொடுக்கும் ரோசுவாஸ்டாடினை எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கியதில் சுமார் 90 விழுக்காடு மலத்தில் வருகிறது என்று குறிப்பேடு சொல்லும். நீங்களும் 90 என்றே போட்டிருப்பீர்கள். ஆனால் அந்த மாத்திரையில் இரத்தத்துக்கு வந்து சேர்வதே சுமார் 20 விழுக்காடு. நாளத்தில் ஊசியாகப் போட்டுப் பார்த்தபோது, வெளியேற்றத்தில் சுமார் 72 விழுக்காடு கல்லீரல் வழி, 28 விழுக்காடு சிறுநீரக வழி என்று வந்தது. இந்த எண்ணும் 90-ம் ஒரே நெடுவரிசையில் நிற்கக் கூடாது. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ஃபெக்ஸோஃபெனடினும் அப்படித்தான்: மலத்தில் 80, சிறுநீரில் 11. அந்த 80-ல் எவ்வளவு பித்தம், எவ்வளவு உறிஞ்சப்படாதது என்று மலத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

ஆகவே ஊசி வழித் தரவும், பித்தத்தையே நேராகச் சேகரித்த தரவும் இருக்கும் மருந்துகளை மட்டும் வையுங்கள். 64 என்பது முப்பதாகக் குறையலாம். குறையட்டும். அழுக்கான 64-ஐவிடச் சுத்தமான 30 மேல்.

இரண்டாவது, நீங்கள் தொடங்கிய டெல்மிசார்டன். இதைச் சொல்லும்போது உங்களுக்குச் சிறிது ஏமாற்றமாக இருக்கலாம். 97 விழுக்காட்டுக்கு மேல் மாறாத வடிவில் மலத்தில் போகிறது, பித்தம் வழியாக, என்றுதான் குறிப்பேட்டில் இருக்கும். அதைப் படித்தால் மருந்து அப்படியே பித்தத்தில் இறங்குகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. கல்லீரல் அதன்மேல் ஒரு குளூக்குரோனிக் அமிலத்தை ஏற்றுகிறது. 514 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள மூலக்கூறு 690 டால்டனாகக் கனத்து, அந்தக் குளூக்குரோனைடு வடிவில்தான் பித்தத்துக்குள் தள்ளப்படுகிறது. குடலில் அந்தச் சுமை வெட்டப்பட்டு மறுபடி டெல்மிசார்டன் ஆகிறது. மலத்தைச் சோதித்தவர் கண்டது மாறாத டெல்மிசார்டன். பித்தத்தைச் சோதித்திருந்தால் கண்டிருப்பது வேறொன்று.

உங்கள் மருத்துவர் செய்தது சரி, அதில் ஐயம் வேண்டாம். எந்த உருவில் போனாலும் போகும் பாதை அதுதான். பாதை அடைந்தால் மருந்து தங்கும். ஆனால் கணினி என்ன செய்கிறது? டெல்மிசார்டனின் அமைப்பைப் பார்த்துவிட்டு, 'இப்படி இருக்கும் மூலக்கூறு தானே பித்தத்துக்குள் போகும்' என்று கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் தவறு. மருந்து தன் உருவிலேயே பித்தத்தில் இறங்குவதைக் கணிக்கப்போகிறீர்களா, மாறிய உருவையும் சேர்த்தா என்று முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதை முடிவு செய்யாமல் ஒரு எண்கூட அட்டவணையில் ஏறக் கூடாது.

மூன்றாவது, எலி. இங்கே நான் கொஞ்சம் நிறுத்திப் பேசுகிறேன், ஏனென்றால் பல ஆண்டு என் கையால் செய்த வேலை இது. மயக்கிய எலியின் வயிற்றைத் திறந்து, குடலின் முதல் வளைவை மெல்லத் தூக்கினால், கணையத்தின் இளஞ்சிவப்புத் திசுவுக்குள் ஒரு வெளிர்மஞ்சள் இழை தெரியும். தையல் நூல் கனம்தான் இருக்கும். அதுதான் பித்தநாளம். அடியில் பட்டுநூலைக் கொடுத்து, இழுத்துப் பிடித்து, கத்தரியின் நுனியால் பாதியளவு மட்டும் நறுக்க வேண்டும். முழுவதும் நறுக்கினால் இழை சுருங்கி உள்ளே ஓடிவிடும். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேலான கனமுள்ள பிளாஸ்டிக் குழாயை அந்த வாய்க்குள் செலுத்தியதும், குழாயில் மஞ்சள் ஏறும். நீங்கள் குமிழியைப் பார்த்ததுபோல நான் அந்த மஞ்சள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எலியின் உடம்பு குளிர்ந்தால் ஓட்டம் தளரும். அதனால் கீழே சூட்டு மெத்தை. பித்தம் முழுவதையும் வெளியே எடுத்துக்கொண்டே இருந்தால், குடலிலிருந்து திரும்பி வர வேண்டிய பித்த உப்புகள் வராமல் அதனாலும் ஓட்டம் குறையும். மணிக்கு ஒரு சிறு குப்பி, பனிக்கட்டியில் வைத்து எடை போட்டு எடுப்போம். ஒரு எண்ணுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எலிக்குப் பித்தப்பையே கிடையாது. எடைக்கு எடை பார்த்தால் அது மனிதனைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகப் பித்தம் சுரக்கிறது. மருந்தைப் பித்தத்துக்குள் தள்ளும் கடத்திப் புரதங்களில் ஒன்றான எம்.ஆர்.பி.2 எலியின் கல்லீரலில் நம்முடையதைவிட அதிகம். 1970-களிலேயே இங்கிலாந்து ஆய்வாளர்கள் அமிலத்தன்மையுள்ள மூலக்கூறுகளை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள்: பித்தத்தில் கணிசமாகப் போகத் தொடங்கும் எடை எலியில் சுமார் 325, கினிப் பன்றியில் 400, முயலில் 475 டால்டன். 2009-ல் அதிக மருந்துகளை வைத்துப் பார்த்தபோது, அமில வகைக்கு எலியில் 400, மனிதனில் 475 என்று வந்தது. எலிக் கணக்கையும் மனிதக் கணக்கையும் ஒரே நெடுவரிசையில் கலந்தால், இந்த இரண்டு வாசற்படிக்கும் நடுவில் நிற்கும் மருந்துகள் அத்தனையும் குழம்பும். இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகப் பயிற்றுவியுங்கள்.

எடை மட்டும் ஏன் போதாது என்பதற்கு உங்கள் செஃபோபெரசோனே சாட்சி. அதன் குடும்பத்தில் செஃபலெக்சின் 347 டால்டன். கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரில் போகிறது. செஃப்ட்ரையாக்சோன் 554, சிறுநீரில் 33 முதல் 67 விழுக்காடு, மற்றது பித்தத்தில். செஃபோபெரசோன் 645, சிறுநீரில் 20 முதல் 30 விழுக்காடுதான். இந்தக் குடும்பத்துக்குள் எடை விதி அழகாக ஓடுகிறது. ஆனால் எடையில் பெரிய மூலக்கூறாக இருந்தும், கொழுப்பில் எளிதாகக் கரைந்து சவ்வுகளைத் தாண்டிவிடும் மருந்துகள் உண்டு. அவற்றைக் கல்லீரல் நொதிகள் முதலிலேயே பிடித்து உருமாற்றிவிடும். தன் உருவில் பித்தத்தை எட்டுவது மிகக் குறைவு. அதனால்தான் இரண்டு கதவுகளைப் பற்றி யோசிக்க வேண்டும். இரத்தத்திலிருந்து கல்லீரல் உயிரணுவுக்குள் இழுக்கும் கதவு ஒன்று, ஓ.ஏ.டி.பி. 1பி1 போன்ற புரதங்கள். உயிரணுவிலிருந்து பித்த நுண்குழாய்க்குள் தள்ளும் கதவு இன்னொன்று, எம்.ஆர்.பி.2, பி.சி.ஆர்.பி., பி-கிளைக்கோபுரதம். உள்ளே வந்த மூலக்கூறு நொதிகளிடம் சிக்காமல் இரண்டாம் கதவை எட்ட வேண்டும். இருநூறு பண்புகளில் இந்தக் கதையைச் சொல்பவை ஏழெட்டுதான் இருக்கும்: எடை, துருவப் பரப்பு, உடம்பின் காரத்தன்மையில் அதற்கு இருக்கும் மின்னூட்டம், கார்பாக்சிலிக் அமிலம் உண்டா, கொழுப்பில் எவ்வளவு கரையும், இப்படி.

2014-ல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் பெனெட் குழு செய்த வேலையை இன்றைக்கே படியுங்கள். எத்தனை விழுக்காடு என்று அவர்கள் கேட்கவில்லை. நொதிகளால் பெரிதாக மாற்றப்படாத 105 வாய்வழி மருந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 'தன் உருவில் வெளியேற பித்தம் முக்கிய வழியா, இல்லையா' என்று கேட்டார்கள். நொதி மாற்றம் மிகுந்த மருந்துகளை ஆட்டத்துக்கு முன்பே ஒதுக்கிவிட்டார்கள். மாதிரியை முடித்த பிறகு புதிதாகத் திரட்டிய 30 மருந்துகளில் 83 விழுக்காடு சரியாக வந்தது. நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். அளவிடவே இவ்வளவு கடினமான ஒன்றை, இரண்டு மூன்று நோயாளிகளிடம் எடுத்த எண்ணை வைத்து, 62 விழுக்காடா 67 விழுக்காடா என்று கணினியிடம் கேட்காதீர்கள். ஆமா, இல்லையா என்று கேளுங்கள். மருத்துவர் உங்கள் அம்மாவின் கட்டிலருகில் நின்று கேட்டதும் அந்தக் கேள்விதானே?

விழுக்காடு வேண்டுமென்றால் அது வேறு பாதை. கல்லீரல் உயிரணுக்களை இரண்டு பசை அடுக்குகளுக்கு நடுவில் சில நாள் வளர்த்தால், அவை தங்களுக்குள் பித்த நுண்குழாய்களை அமைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாத திரவத்தை ஊற்றினால் அந்தக் குழாய்களின் இணைப்புகள் திறந்து உள்ளே சேர்ந்த மருந்து வெளியே வரும். குழாய்களைத் திறக்காதபோது தங்கிய மருந்திலிருந்து திறந்தபோது தங்கியதைக் கழித்தால் பித்தத்துக்குள் எவ்வளவு போனது என்று தெரியும். அந்த எண்களை முழு உடலையும் உறுப்பு உறுப்பாக வடிவமைக்கும் மாதிரியில் இட்டால் நேரத்தோடு கணக்குச் சொல்லும். பித்தத்தில் போன மருந்து குடலில் மறுபடி உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்கே திரும்புவதையும் அதில் காட்டலாம். நம் ஊரில் மேல்வயலில் வடிந்த கால்வாய்த் தண்ணீர் கீழ்க்குளத்தில் சேர்ந்து மறுபடி பாய்கிறதல்லவா, அதே போக்கு. சில மருந்துகளுக்கு இரத்தத்தில் பல மணி நேரம் கழித்து இரண்டாவது ஏற்றம் தெரிவது அதனால்தான். அப்படி வடிவமைக்கும் பி.கே.சிம் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது உங்கள் அடுத்த பட்டத்துக்கு இருக்கட்டும்.


கோதையாறு:

ஐயா, இரண்டு முறை படித்தேன், என் நோட்டில் எழுதிக்கொண்டேன். மிக்க நன்றி. வேளிமலை அக்கா, அம்மா நலமாக இருக்கிறார். குழாயை எடுத்து ஒரு வாரத்தில் தோட்டத்துக்குப் போய்விட்டார். நீங்கள் கேட்ட செஃப்ட்ரையாக்சோன் என் பட்டியலில் இல்லை. மாத்திரைகளை மட்டுமே திரட்டியிருந்தேன். செஃபலெக்சினும் செஃபட்ராக்சிலும் இருந்தன, இரண்டும் சிறுநீரில் போகிறவை. செஃபோபெரசோன் ஏன் தவறாக வந்தது என்று இப்போது புரிகிறது. ஊசி மருந்துகளை நான் விட்டதால், அந்தக் குடும்பத்தின் பாதி முகத்தை மட்டுமே என் மாதிரி பார்த்திருக்கிறது.

இன்னும் ஒன்று புரியவில்லை. தரவு இவ்வளவு தவறாக இருந்தும் முதல் சோதனையில் எப்படி அவ்வளவு நன்றாக வந்தது?


சுங்கான்கடை:

அதற்கு நான் பதில் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் மூலக்கூறுத் தரவு வேலை செய்கிறேன், வாரந்தோறும் ஊருக்கு வந்துவிடுவேன்.

குலுக்கல் முறையில் பிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் ரோசுவாஸ்டாடின் போன்ற ஸ்டாடின்கள் ஐந்தாறு இருக்கும், டெல்மிசார்டன் போன்ற சார்டன்கள் ஐந்தாறு இருக்கும். குலுக்கினால் ஒரே குடும்பத்து மருந்துகள் பயிற்சியிலும் சோதனையிலும் விழும். வினாத்தாளை வீட்டில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போனதுபோல, மாதிரி அண்ணனைப் பார்த்துத் தம்பிக்குப் பதில் சொல்லியிருக்கிறது. மலத் தரவில் இருந்த தவறும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால், தவறைத் தவறாலேயே சரியாகக் கணித்திருக்கிறது. குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள். சார்டன்கள் அத்தனையையும் எடுத்துவைத்துவிட்டு மற்றவற்றில் பயிற்றுவித்து, சார்டன்களில் சோதியுங்கள். பிறகு ஸ்டாடின்கள், பிறகு செஃப் வகை. மதிப்பெண் நிச்சயம் இறங்கும். இறங்கிய மதிப்பெண்தான் உண்மையான மதிப்பெண்.

முப்பது மருந்துக்கு இருநூறு பண்பு என்பது எந்த முறையிலும் தாங்காது. பழையாறு ஐயா சொன்ன ஏழெட்டோடு நிறுத்துங்கள். எந்த மாதிரியையும் ஓட்டுவதற்கு முன்பு, ஒரே ஒரு விதியை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: அமில வகை, 475 டால்டனுக்கு மேல் என்றால் பித்தம், இல்லையென்றால் இல்லை. அது எத்தனை மருந்தைச் சரியாகச் சொல்கிறது என்று எண்ணி வையுங்கள். உங்கள் மாதிரி அதைவிட நன்றாகச் சொன்னால்தான் மாதிரிக்கு வேலை இருக்கிறது. எத்தனை சரி என்பதோடு, பித்தத்தில் போகும் மருந்துகளில் எத்தனையைத் தவறவிட்டது என்பதையும் தனியாக எழுதுங்கள். பட்டியலில் பித்த மருந்துகள் குறைவாக இருந்தால், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொல்லும் மாதிரிகூட நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

புதிய மூலக்கூறு ஒன்று உங்கள் பட்டியலில் உள்ள எதையும் ஒத்திராவிட்டால், கணினி 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும்படி ஓர் எல்லை வையுங்கள். அது பெரிய வேலை இல்லை, ஒரு மாலைக்குள் எழுதிவிடலாம். சிக்கினால் இங்கேயே கேளுங்கள்.


பழையாறு:

சுங்கான்கடை சொன்ன காகித விதியை முதலில் செய்யுங்கள். இன்னும் ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு நெடுவரிசை: ஊசியா மாத்திரையா, நலமாக இருந்தவரிடமா குழாய் வைத்த நோயாளியிடமா, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் சேகரித்தார்கள், தாய் மருந்தை (மாறாத உருவை) மட்டும் அளந்தார்களா, மருந்தில் ஏற்றிய கதிரியக்க அடையாளத்தை வைத்து மாறிய உருவையும் சேர்த்து மொத்தமாக அளந்தார்களா. வேளிமலை எழுதியதெல்லாம் அந்த நெடுவரிசைக்குத்தான். பிற்காலத்தில் உங்கள் மாதிரியை யாரும் பயன்படுத்தாமல் போகலாம். அந்த அட்டவணையை எல்லோரும் கேட்பார்கள்.


கோதையாறு:

ஞாயிறு முழுவதும் உட்கார்ந்தேன். மலத் தரவை மட்டும் நம்பியிருந்தவற்றை எடுத்ததும் 64 என்பது 27 ஆகிவிட்டது. ஊசி மருந்துகளில் இதுவரை ஒன்பது சேர்த்திருக்கிறேன். செஃப்ட்ரையாக்சோனும் செஃபோபெரசோனும் அதில் உண்டு. எலித் தரவைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிட்டேன். வழிகாட்டியிடம் இன்று காலை கேள்வியை மாற்றிச் சொன்னேன்: மருந்து தன் உருவிலேயே வெளியேற பித்தம் முக்கிய வழியா, இல்லையா. குறிப்பு நெடுவரிசையையும் காட்டினேன். அதை ஒரு தனி அத்தியாயமாகவே எழுதச் சொல்லிவிட்டார்.

காகித விதியை அப்பாவை வைத்துக்கொண்டே போட்டேன். அவர் மருந்தின் பெயரையும் எடையையும் வாசித்தார், நான் டிக் போட்டேன். 475-க்கு மேல் வந்தபோதெல்லாம் அவரே "பித்தம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். 36-ல் 24 சரி. இனி என் மாதிரி இதைத் தாண்ட வேண்டும்.

டெல்மிசார்டனை என்ன செய்வது என்று நேற்று வரை யோசித்துக்கொண்டிருந்தேன். பயிற்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மாதிரி முடிந்த பிறகு கடைசியாக அதை ஓட்டிப் பார்ப்பேன். சரியாக இருந்தால் "தன் உருவில் போகாது" என்று அது சொல்ல வேண்டும். அதன் பக்கத்தில், 690 டால்டன் குளூக்குரோனைடைத் தனி மூலக்கூறாகக் கொடுத்தால் "பித்தம்" என்று சொல்ல வேண்டும். இரண்டையும் இப்போதே காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, வழிகாட்டியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.